சூப்பர்ஹீரோ பக்கத்துக்கு மை: தாளிலா, திரையிலா?

பூகிஸ்_பென்சில்:
எட்டுப் பக்கத் தமிழ் சூப்பர்ஹீரோ கதை, கறுப்பு வெள்ளை. அச்சளவு அமெரிக்க காமிக்ஸ் அளவேதான்: 6⅝ × 10¼ அங்குலம். பென்சில் வேலை முடிந்துவிட்டது. அந்தக் கோடுகளின் மேல் மையைத் தாளில் போடலாமா, டேப்லெட்டிலா?

மைக்கூடு:
தாள்தான். 11 × 17 அங்குல பிரிஸ்டல் போர்டு (வரையறதுக்கான தடித் தாள்), வழுவழுப்பான பக்கம், உள்ளே 10 × 15 வரைபரப்பு. அச்சில் மூன்றில் இரண்டு பங்காச் சுருங்கும்; 0.3 மி.மீ. கோடு 0.2 ஆயிடும். இந்தக் கணக்கு கைக்குப் பழகிடும். டேப்லெட்ல நாலு மடங்கு பெரிசாக்கி ஹீரோவோட மூக்குத்துவாரத்துக்கு நிழல் போடுவீங்க, அச்சில் அது அழுக்குப் புள்ளி. கை நடுக்கத்தைச் சமன் செய்யுற ஸ்டெபிலைசரைக் கூட்டி வச்சா கோடு வழவழன்னு வரும், ஆனா தசையில உயிர் இருக்காது. தோள்ல மெல்லிசா ஆரம்பிச்சு, புஜத்துல அழுத்தி, முழங்கை கிட்ட விட்டு எடுக்கணும். 2ஆம் எண் சேபிள் முடித் தூரிகை அதை ஒரே இழுப்பில் செய்யும்.

ஈரக்காற்று:
அண்ணே, இது சிங்கப்பூர் லா. காற்றில் ஈரப்பதம் சராசரியா 80 சதவீதத்துக்கு மேல. ஏர்கான் அறையில தட்டையா இருக்கிற போர்டை வெளியே வச்சா நெளிய ஆரம்பிக்கும். ஈரம் குடிச்ச தாள்ல மை நூல் நூலாப் பரவும், மேல காஞ்ச மாதிரி தெரியும், ரப்பர் பட்டதும் இழுபடும். அடுத்தது ஸ்கேன். வரைபரப்பு ஏ3 ஸ்கேனருக்குள்ள அடங்கும், போர்டு அடங்காது. ஓரம் சட்டத்து மேல ஏறி நிக்கும், அந்தப் பக்கம் கோடு மங்கும்.

மூக்குத்துவாரப் பிரச்சினைக்கு வழி இருக்கு. 12.9 அங்குலத் திரையில முழுப் பக்கத்தையும் காட்டினா கிட்டத்தட்ட அச்சளவுதான். அந்த அளவில் தெரியாத கோட்டைப் போடாதீங்க. 10 × 15 கோப்புக்கு 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி) போதும், சுருங்கினதும் 600 ஆயிடும். 11 × 17ஐ 600ல திறந்தா 6600 × 10200 பிக்சல், கோப்பு கனத்து, ஆப் தர்ற லேயர் (ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குற படத்தாள்) எண்ணிக்கை பாதாளத்துக்குப் போயிடும்.

மைக்கூடு:
ஈரத்துக்கு மருந்து இருக்கு தம்பி. கேமரா வைக்கிற டிரை கேபினட் (ஈரத்தைக் குறைக்கிற பெட்டி), ஈரப்பதம் 45–50 சதவீதம். இல்லைன்னா சிலிகா ஜெல் போட்ட ஜிப் பை. போர்டு நெளியிறது பெரும்பாலும் பெரிய கறுப்பை முதல்லயே நிரப்புறதால. கறுப்பு வர்ற இடத்துல பென்சில்ல பெருக்கல் குறி போட்டுட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டி, முதல்ல கோடெல்லாம் முடிங்க, கறுப்பைக் கடைசியில் நிரப்புங்க. ரப்பர் மறுநாள்.

வசனப்பெட்டி:
ரெண்டு பேரும் வசனம் எழுதுற பலூனை மறந்துட்டீங்க! ஆங்கில காமிக்ஸ்ல பெரும்பாலும் எல்லாம் பெரிய எழுத்து. மேலேயும் கீழேயும் எதுவும் நீளாது, வரிகளை நெருக்கலாம். தமிழ்ல ‘கி’க்கு மேலே சுழி, ‘சு’வுக்குக் கீழே வால். வரி இடைவெளியைக் குறைச்சா ரெண்டும் முட்டிக்கும். சொற்களும் நீளம். குறுகின பலூன்ல ‘காப்பாற்றுங்கள்’ ஒரே வரியில் நிக்காது. பென்சில் முடிஞ்சதும் வசனத்தை அச்சளவில் 8.5 புள்ளி எழுத்தளவில் அடுக்கிப் பாருங்க. கட்டத்தோட மேல் மூன்றில் ஒரு பங்கு போயிடும். ஹீரோ மேல பறக்கிற கட்டத்துல முதல் பலி அவரோட கேப், அதாவது முதுகுல பறக்கிற துணி. திரையில மை போட்டா லேயரை நகர்த்தலாம். தாள்ல அந்தக் கேப் மடிப்புக்குப் போட்ட உழைப்பு பலூனுக்கு அடியில.

மைக்கூடு:
அதுக்குத்தான் பென்சில்லயே பலூன் வரையணும். அதைச் செய்யாதவர் லேயர்லயும் இடம் விடமாட்டார்.

ஈரக்காற்று:
நடுவழி ஒண்ணு: பென்சிலை ஸ்கேன் பண்ணி, வசனம் அடுக்கி, ரெண்டையும் வெளிர் நீலத்துல போர்டில் அச்சடிச்சு அது மேல மை போடுறது. ஸ்கேன்ல நீலத்தை வடிகட்டிடலாம், ரப்பரே வேண்டாம்.

மைக்கூடு:
அது சரி. ஆனா நீலத்தை 20 சதவீதத்துக்கு மேல ஏத்தாதீங்க. இன்க்ஜெட் நீலம் கெட்டியா இருந்தா மை பட்டதும் கரைஞ்சு கசியும். பிரிண்டர் 11 அங்குல அகலத் தடித் தாளைப் பின்பக்கத் தட்டு வழியா நேரா எடுக்குதான்னும் பாருங்க. மடக்கி இழுக்கிற பிரிண்டர்னா போர்டு பாதியில சிக்கிக்கும்.