கார்டா ஏரியின் ஓரா காற்று மாதிரியில் தாமதமாகக் கிளம்புகிறது, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். முதுகலை ஆய்வுக்காக வட இத்தாலியின் ஓரா காற்றை டபிள்யூஆர்எஃப் என்ற கணினி வானிலை மாதிரியில் ஓட்டிப் பார்க்கிறேன். தெளிந்த கோடை நாளில் முற்பகலில் கார்டா ஏரியின் வடகரையில், ரீவா, டோர்போலே பக்கம் கிளம்பி, சார்க்கா பள்ளத்தாக்கு வழியாக வடக்கே போய், டெர்லாகோ மேட்டைத் தாண்டி, பிற்பகலில் டிரென்டோ அருகே ஆடிஜே பள்ளத்தாக்கில் இறங்கும் காற்று இது.

என் ஓட்டத்தில் கரையிலேயே இரண்டு மணி நேரம் தாமதம், வேகமும் பாதிதான். டிரென்டோவுக்கு வடக்கே காற்று வந்து சேரவே இல்லை. போதாக்குறைக்கு, நல்ல ஜூலை வெயிலிலும் பள்ளத்தாக்கில் கலவை அடுக்கு (தரைச் சூட்டால் காற்று நன்கு கலந்திருக்கும் அடுக்கு) சில நூறு மீட்டருக்கு மேல் வளரவில்லை. தரையை ஒட்டிய காற்றின் கலக்கத்தைக் கணக்கிடும் எல்லை அடுக்குத் திட்டத்தை மாற்றலாமா? உள் கட்டத்தின் (மாதிரியின் மிக நுணுக்கமான வலையின்) இடைவெளி 1 கி.மீ., தொடக்கம் முந்தைய நாள் 12 யுடிசி (உலகப் பொது நேரம்).

பதில் 1:
முதலில் நேரத்தைச் சரிபாருங்கள். மாதிரி தருவது யுடிசி. இத்தாலியில் கோடை நேரம் அதைவிட இரண்டு மணி முன்னால் இருக்கும். நிலையத் தரவு எந்த நேரத்தில் பதிவானது?

கேட்டவர்:
அதைப் பார்த்துவிட்டேன், இரண்டும் யுடிசிதான்.

பதில் 2:
அப்படியானால் ஏரியின் வெப்பநிலையைப் பாருங்கள். மாதிரிக்கு உள்ளீடாகும் உலகளாவிய தரவின் பெரிய கட்டங்களில் கார்டா போன்ற ஒடுங்கிய ஏரி பெரும்பாலும் நிலமாகவே பதிவாகியிருக்கும். அந்தத் தரை வெப்பநிலையைத்தான் மாதிரி தண்ணீருக்குக் கொடுக்கும். நீங்கள் நண்பகலில் தொடங்கியதால் சுட்ட தரையின் சூடு ஏரிக்குப் போய் அப்படியே நின்றிருக்கும். ஏரிக்கும் பள்ளத்தாக்குக்கும் வித்தியாசம் குறைந்தால் காற்றைத் தள்ளும் அழுத்த வேறுபாடு எங்கிருந்து வரும்? தொடக்கக் கோப்பைத் திறந்து ஏரி நடுவில் ஒரு புள்ளியைப் படியுங்கள்.

கேட்டவர்:
படித்தேன். 31 டிகிரி! ரீவாவில் அந்நேரத்துக் காற்றின் வெப்பநிலையே அதைவிடக் குறைவு.

பதில் 2:
அதுதான். அளந்த மதிப்பு அல்லது செயற்கைக்கோள் மதிப்பைக் கையால் போடுங்கள். தினசரிச் சராசரிக் காற்று வெப்பநிலையை ஏரிக்குத் தரும் கருவி டபிள்யூஆர்எஃப்பின் முன்தயாரிப்பு நிரலான டபிள்யூபிஎஸ்ஸிலேயே இருக்கிறது. ஆனால் இங்கே உள்ளீட்டுத் தரவின் கட்டம் மலை உயரத்தில் இருக்கும், ஏரி வெறும் 65 மீட்டரில். அந்தச் சராசரி அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும்.

பதில் 3:
கலவை அடுக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தவறு என்று நினைத்துத் திருத்தப் போய் நல்ல ஓட்டத்தைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லை அடுக்குத் திட்டத்தைத் தொடாதீர்கள். அந்த அடுக்கு அங்கே உண்மையிலேயே ஆழமற்றது. 1990களின் இறுதியில் டிரென்டோ பல்கலைக்கழகக் குழு கருவி பொருத்திய மோட்டார் கிளைடரை அந்தப் பள்ளத்தாக்கில் பறக்கவிட்டு அளந்தபோதும், தாழ்வான கலவை அடுக்கும் அதற்கு மேல் ஆழமான நிலையான அடுக்கும்தான் (காற்று மேலும் கீழும் எளிதில் கலக்காத அடுக்கு) தெரிந்தன. வெயிலில் சூடான சரிவுகளை ஒட்டிக் காற்று மேலேறுகிறது. அதை ஈடுகட்டப் பள்ளத்தாக்கின் நடுவில் காற்று கீழிறங்குகிறது, இறங்கும்போது சூடாகி மூடி போல உட்கார்ந்துவிடுகிறது. கீழே ஏரியிலிருந்து குளிர்ந்த காற்று ஓயாமல் வந்து சேர்கிறது. இரண்டும் சேர்ந்தால் அடுக்கு எப்படி வளரும்? ஏரியை விட்டு உள்ளே போகப்போக அது தடிக்கிறதா என்று பாருங்கள், அதுதான் நல்ல சோதனை.

டிரென்டோ விஷயம் கட்டத்தால் வருவது. 1 கி.மீ.யில் டெர்லாகோ மேடும் இருபுறச் சுவர்களும் மழுங்கிவிடும். பள்ளத்தாக்கின் குறுக்கே பத்துப் புள்ளிகளாவது விழும்படி உள் கட்டத்தை நுணுக்குங்கள். கூடவே நில உயரத் தரவையும் மாற்ற வேண்டும். இயல்பாக வருவது 30 வில்நொடித் (கோண அளவு) தரவு, ஏறக்குறைய 1 கி.மீ.; அதை வைத்து 300 மீட்டரில் ஓட்டினாலும் மலை அதே மழுங்கல்தான். விண்கல ரேடார் அளந்த நுணுக்கமான உயரத் தரவான எஸ்ஆர்டிஎம் போடுங்கள். சரிவு வெயில், மலை நிழல் இரண்டு தேர்வுகளையும் நேம்லிஸ்டில் (மாதிரியின் அமைப்புக் கோப்பில்) 1 ஆக்குங்கள்.

கேட்டவர்:
ஏரியை 23 டிகிரியாக வைத்து ஓட்டினேன். கரையில் தாமதம் அரை மணிக்குள் வந்துவிட்டது, வேகமும் பொருந்துகிறது. மிக்க நன்றி. நுணுக்கமான கட்டம் இன்றிரவு ஓடும். டிரென்டோவில் எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில் 3:
மேட்டின் குறுக்கே ஒரு செங்குத்து வெட்டு வரையுங்கள். குளிர்ந்த ஓரா மேட்டைத் தாண்டி ஆடிஜேக்குள் சரிந்து, அங்கே ஏற்கெனவே வடக்கே வீசும் பள்ளத்தாக்குக் காற்றுக்கு அடியில் நுழைய வேண்டும். சரிவின் அடியில் பொட்டென்ஷியல் வெப்பநிலைக் (காற்றை ஒரே அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் இருக்கும் வெப்பநிலை) கோடுகள் சட்டென்று மேலே துள்ளினால் ஓட்டம் சரி.