கிட்டில் இருப்பதை மட்டும் சர்வருக்கு அனுப்புவது எப்படி?

வணக்கம் நண்பர்களே, ஒரு உதவி வேண்டும்.

எங்கள் ஊர் நூலகத்தின் புத்தகப் பட்டியல் தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கோட் முழுவதும் கிட்டில் (கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) இருக்கிறது. சர்வரில் கிட் கிடையாது, நிறுவ அனுமதியும் இல்லை. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய எஸ்எஸ்ஹெச், கோப்புகளை ஒத்திசைக்க ஆர்சிங்க் உண்டு. அதனால் என் கணினியில் கிட்டில் உள்ள கோப்புகளை ஒரே தொகுப்பாகக் கட்டும் 'கிட் ஆர்கைவ்' கட்டளையை ஓட்டி, வரும் டார் தொகுப்பை பைப் வழியே (நேரடியாக) எஸ்எஸ்ஹெச்சுக்குக் கொடுத்து அங்கே பிரித்துவந்தேன். கிட்டின் வரலாறு இருக்கும் '.கிட்' கோப்புறை வெளியே போகாது என்பதால் இந்த வழி எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது இரண்டு சிக்கல். நான் நீக்கிய கோப்புகள் சர்வரில் அப்படியே கிடக்கின்றன. டார் மேலே எழுதுமே தவிர, பழையதை அழிக்காது. போன வாரம் ஒரு பாட்டி பழைய நேரப் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்து, பூட்டிய கதவு முன்னால் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். மனசு கேட்கவில்லை. அப்புறம், எழுத்துருக்களை சப்மாட்யூலாக (உள்ளே இணைத்த தனி கிட் களஞ்சியமாக) வைத்திருக்கிறேன். ஆர்கைவில் அந்தக் கோப்புறை காலியாகத்தான் போகிறது.

சரி, தற்காலிகக் கோப்புறையில் பிரித்து, ஆர்சிங்க்கை 'டெலீட்' (இங்கே இல்லாததை அங்கேயும் அழிக்கும் விருப்பம்) சேர்த்து ஓட்டலாம் என்று பார்த்தேன். நல்ல வேளை, முதலில் 'டிரை ரன்' (எதையும் மாற்றாத ஒத்திகை) போட்டேன். வாசகர்கள் ஏற்றிய அட்டைப்படங்கள் உள்ள 'அப்லோட்ஸ்' கோப்புறை முழுக்க அழிக்கும் பட்டியலில் வந்து நின்றது!

அந்தக் கோப்புறையை விலக்கச் சொல்லி 'எக்ஸ்க்ளூட்' கொடுத்தால் அந்தப் படங்கள் நிச்சயம் தப்புமா? சப்மாட்யூலையும் சேர்த்து எடுக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்? தினமும் இப்படி அனுப்புகிறவர்கள் உங்கள் ஸ்கிரிப்டைக் காட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.