தேங்காய்ப்பட்டணம் (கன்னியாகுமரி மாவட்டம்) முகத்துவாரம்: திரும்பி உள்ளே வரும்போது எஞ்சினைக் கூட்டணுமா, குறைக்கணுமா?

புதுவள்ளம்:
எங்களுடையது 9.9 குதிரைத்திறன் எஞ்சின் போட்ட ஃபைபர் வள்ளம். இரண்டு வருடமாக மாமாவோடு போகிறேன், இந்த ஆனியில்தான் எஞ்சின் என் கைக்கு வந்தது. போன வாரம் திரும்பி வரும்போது, முகத்துவாரத்துக்கு நேரே பின்னாலிருந்து வந்த அலை பின்பக்கத்தைத் தூக்கிவிட்டது, முன்பக்கம் தண்ணீரில் குத்தி, வள்ளம் அப்படியே திரும்பி அலைத்தடுப்புக் கல்லைப் பார்த்து ஓடியது. மாமா பாய்ந்து கைப்பிடியைப் பிடித்ததால் தப்பினோம். நான் பயந்து வேகத்தைக் குறைத்ததுதான் தப்பு என்கிறார் மாமா. கூட்டியிருந்தால் கவிழ்ந்திருக்கும் என்கிறார் கூட வந்தவர். எது சரி?

கரைக்காரன்:
தம்பி, எல்லோரும் கரை சேர்ந்தீர்களே, அது போதும். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அலையின் சரிவில் இறங்கும்போது குறைத்தால் எஞ்சினுக்குப் பிடிப்பு போய்விடும், வள்ளம் குறுக்கே திரும்பும், அடுத்த அலை புரட்டிவிடும். கூட்டினால் முன்னால் போகும் அலையின் முடியைத் தாண்டி அதன் முகத்தில் தலைகுப்புற விழுவீர்கள். அதனால் வெளியே ஆழத்திலேயே நின்று பார். பெரிய அலைகள் சேர்ந்தாற்போல வரும், அப்புறம் கொஞ்சம் அடங்கும். அந்தக் கடைசிப் பெரிய அலையின் முதுகைப் பிடித்து, முடிக்குச் சற்றுப் பின்னாலேயே, அது ஓடுகிற வேகத்தில் உள்ளே வா. முந்தாதே, பின்தங்கவும் செய்யாதே. நான் கால்மணி நேரம்கூட நின்றிருக்கிறேன், கூட வந்தவர்கள் திட்டினாலும் சரி. வலையையும் மீனையும் முன்பக்கம் குவிக்காதே.

நீரோட்டம்:
எத்தனை மணிக்கு வந்தீர்கள்? வற்ற நேரமாக, அதாவது கடல் இறங்குகிற நேரமாக இருந்தால் அதுதான் காரணம். குழித்துறை ஆற்றின் மழைத்தண்ணீரும் சேர்ந்து வெளியே தள்ளும்போது, எதிரே வருகிற அலை குறுகி, செங்குத்தாகி உடையும். பழுப்புத் தண்ணீரும் கடல் தண்ணீரும் முட்டும் கோட்டைப் பாருங்கள், அங்கேதான் கொந்தளிப்பு. நம் பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட இல்லை, ஆனால் மண்திட்டின் மேல் அரை மீட்டர் குறைந்தாலே போதும்: ஒன்றரை மீட்டர் அலை சுமார் 2 மீட்டர் ஆழத்தில் உடைந்துவிடும். ஏற்றம் முடிகிற நேரம் பார்த்து வாருங்கள். திட்டும் இடம் மாறும், போன வருடத்து வழியை நம்ப வேண்டாம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, ஆனால் கடல் மோசமான அந்த நாட்களில் இந்த முகத்துவாரத்தில் போய்வருவது நம் சின்ன வள்ளங்கள்தான், அதை நினைத்தால் மனசு பதறுகிறது.

புதுவள்ளம்:
காலை பத்து மணி அண்ணா, வற்றம்தான். ஆறும் கலங்கித்தான் ஓடியது. காற்றே இல்லாததால் கவனிக்கவில்லை.

நீரோட்டம்:
காற்றில்லாத நாளிலும் கள்ளக்கடல் வரும். எங்கோ தெற்கே பெருங்கடலில் எழுந்த அலை அது, இங்கே மேகம்கூட இருக்காது. இன்காய்ஸ் (INCOIS, மத்திய அரசின் கடல் தகவல் மையம்) எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள்.

கரைக்காரன்:
உயிர்காப்புச் சட்டையைப் பலகைக்கு அடியில் வைக்காமல் போட்டுக்கொள். எஞ்சினோடு வரும் சிவப்புச் சுருள் கயிற்றை மணிக்கட்டில் மாட்டு, நீ விழுந்தால் எஞ்சின் நிற்கும். நின்று பார்த்தும் அலை அடங்கவில்லை என்றால் குளச்சலுக்கு விடு. அதற்கென்று மண்ணெண்ணெய் ஒரு கேன் தனியாக இருக்கட்டும், அதை வேறு எதற்கும் தொடாதே.