உச்சிப்புளியில் வேகன் ஆர் விற்பனை: 3,20,000 ரூபாயை எந்த வழியில் வாங்குவது பாதுகாப்பு?

உச்சிப்புளி ஆசிரியை

எல்லோருக்கும் வணக்கம். என் பெயரில் உள்ள 2016ஆம் ஆண்டு வேகன் ஆர் வண்டியை விற்கிறேன். டிஎன் 65 பதிவு, பெட்ரோல். கடனை அடைத்து, ஆர்சியிலிருந்து வங்கியின் பெயரையும் நீக்கியாகிவிட்டது. கணவர் வெளிநாட்டில் இருப்பதால் வண்டியைக் காட்டுவது முதல் பணம் வாங்குவது வரை எல்லாம் என் தலையில். புரோக்கர் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

விலை 3,20,000 ரூபாய்க்குப் படிந்துவிட்டது. சிக்கல், பணத்தை எப்படி வாங்குவது என்பதில்தான். மூன்று பேர் கேட்கிறார்கள்.

ஒருவர் தொண்டியில் மீன் வியாபாரம் செய்பவர். எங்கள் உறவினர் ஒருவருக்கு அறிமுகமானவர். நேரில் வந்து, கீழே சாக்கை விரித்துப் படுத்து, டார்ச் அடித்து அடிப்பாகத்தை முழுக்கப் பார்த்தார். சைலன்சர் தாங்கியில் நகத்தால் சுரண்டி, உதிர்ந்த துருவை உள்ளங்கையில் ஏந்திக் காட்டி, ஐயாயிரம் குறைத்துத்தான் இந்த விலைக்கு வந்தார். முழுத் தொகையையும் ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார்.

அடுத்தவர் இணைய விளம்பரத்தைப் பார்த்து அழைத்தார். கடற்படையில் வேலை, இந்தப் பக்கம் மாற்றலாகி வருகிறேன் என்றார். வண்டியைப் பார்க்கவில்லை, விலையும் பேசவில்லை. கேட்காமலே அடையாள அட்டையின் படத்தை அனுப்பினார். முன்பணம் 20,000 ரூபாய்க்கு ஒரு கியூஆர் குறியீடு அனுப்புவாராம்; அதை ஸ்கேன் செய்து என் பின் எண்ணைப் போட்டால் பணம் என் கணக்கில் ஏறுமாம்.

மூன்றாமவர் பரமக்குடி இளைஞர். பாதியை நண்பரின் கணக்கிலிருந்து அனுப்பி, மீதிக்குக் காசோலை தருவாராம். சனிக்கிழமை மாலையே வண்டியை எடுத்துப்போக வேண்டும் என்கிறார்.

மூவரில் யாரிடம், எந்த வழியில் வாங்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம் வாசி

சகோதரி, அந்தக் கடற்படைக்காரரிடம் இனி ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். அவர் கடற்படையும் இல்லை, வண்டி வாங்குபவரும் இல்லை. சீருடையின் மேல் நம் ஊர் மக்களுக்கு இருக்கும் மரியாதையை வைத்துப் பிழைக்கும் கும்பல் இது. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளமும் மண்டபத்தில் கடலோரக் காவல்படையும் இருப்பதால் இங்கே அந்தப் பொய் இன்னும் எளிதாக எடுபடுகிறது.

ஒன்றை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: யுபிஐ பின் எண் பணத்தை அனுப்புவதற்கானது. பணம் வாங்குவதற்குப் பின் எண்ணும் வேண்டாம், ஸ்கேன் செய்யவும் வேண்டாம். பின் எண்ணைப் போட்ட நொடியில் 20,000 ரூபாய் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். ஏற்கெனவே எதையாவது ஸ்கேன் செய்திருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த அதுவே வழி.

உச்சிப்புளி ஆசிரியை

எதையும் ஸ்கேன் செய்யவில்லை. அந்த எண்ணை இப்போதே தடை செய்துவிட்டேன். மிக்க நன்றி.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

அம்மா, மீதி இருவரைப் பற்றிச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காசோலை. அதை வங்கியில் போட்டதும் சில சமயம் கணக்கில் தொகை தெரியும். ஆனால் அது இன்னும் உங்கள் பணம் ஆகவில்லை. கொடுத்தவரின் வங்கி ஏற்றுக்கொண்ட பிறகுதான் எடுக்க முடியும். சனிக்கிழமை மாலை காசோலையை வாங்கிக்கொண்டு வண்டியை அனுப்பினால், திங்கட்கிழமை வங்கி திறக்கும்வரை உங்கள் கையில் இருப்பது ஒரு காகிதம்தான். அவர் அந்த நேரத்தைக் குறித்திருப்பதே எனக்குப் பிடிக்கவில்லை. காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் வழக்குப் போடலாம். 30 நாளுக்குள் நோட்டீஸ், அதன்பின் 15 நாள் அவகாசம், பிறகு நீதிமன்றம். வண்டியோ அன்றைக்கே ஊர் தாண்டியிருக்கும். டிடி பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். போலி டிடிக்களை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். கொடுத்த கிளையிலேயே கேட்டு உறுதி செய்யாமல் அதையும் நம்பக் கூடாது.

யுபிஐ நல்ல வழிதான், ஆனால் தனிநபருக்கு அனுப்பும் பொது வரம்பு நாளுக்கு ஒரு லட்சம். முன்பணத்துக்குப் போதும், முழு விலைக்குப் போதாது.

உங்களுக்கு ஏற்றது ஆர்டிஜிஎஸ். 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவதற்கென்றே உள்ள முறை. 2020 டிசம்பர் முதல் இணையவழியில் எந்நேரமும் அனுப்பலாம். கிளைக்குப் போனால் வேலை நேரத்தில் மட்டும். பணம் உங்கள் வங்கிக்கு வந்துசேர்ந்தால் அரை மணி நேரத்துக்குள் உங்கள் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வாங்குபவர் கைப்பேசியிலிருந்து அனுப்ப நினைத்தால் உங்கள் கணக்கை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் நாளில் பெரிய தொகையைப் பல வங்கிகள் விடுவதில்லை. வண்டியை எடுக்க வந்த இடத்தில் பணம் போகாமல் நின்று, 'நாளைக்கு அனுப்பிவிடுகிறேன், சாவியைக் கொடுங்கள்' என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும்.

'பணம் அனுப்பிவிட்டேன்' என்று அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும், படிவத்தின் அடிச்சீட்டையும், யுடிஆர் எனப்படும் பணப் பரிமாற்ற எண்ணையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். குறுஞ்செய்தியையும் நம்பாதீர்கள். வங்கியின் செய்தி பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வராது; போலிச் செய்தி பெரும்பாலும் அப்படித்தான் வரும். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்தோ, கிளையில் பாஸ்புக்கில் பதிந்தோ வரவைக் கண்ணால் பாருங்கள். அதன் பிறகே கையெழுத்து, அதன் பிறகே சாவி.

தங்கச்சிமடம் படகுக்காரர்

வங்கி ஐயா சொன்னதோடு நான் ஒன்று சேர்க்க வேண்டும். பரமக்குடி இளைஞர் 'நண்பரின் கணக்கிலிருந்து' என்கிறாரே, அதை யாரும் இன்னும் கவனிக்கவில்லை.

என் சித்தப்பா மகன் படகு இன்ஜின் ஒன்றை விற்றார். வாங்கியவர் ஒருவர், பணம் வந்தது வேறு யாரோ பெயரில். பணம் முழுதாக வந்துவிட்டதால் யாரும் சந்தேகப்படவில்லை. சில வாரம் கழித்து ஏடிஎம்மில் அட்டை வேலை செய்யவில்லை. கிளையில் போய்க் கேட்டால், வேறு மாநிலத்து சைபர் கிரைம் போலீசார் கேட்டுக்கொண்டதால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணம் நாலு கணக்கு மாறி இவர் கணக்கில் வந்து விழுந்திருக்கிறது. இவர் செய்த குற்றம் எதுவும் இல்லை. ஆனால் தடைக்கால நிவாரணப் பணம் வருவதும் அதே கணக்கில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாத மீனவன் வீட்டில் அந்தப் பணம் முடங்கினால் என்ன ஆகும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. விற்பனைச் சீட்டு, இருவர் பேசிய செய்திகள் எல்லாவற்றையும் நகல் எடுத்து அனுப்பி, அலைந்து அலைந்துதான் மீட்டார்.

வண்டி யார் பெயருக்குப் போகிறதோ அவர் கணக்கிலிருந்தே பணம் வர வேண்டும். நண்பர், மச்சான், முதலாளி என்று யாரையும் ஏற்காதீர்கள்.

தேவிபட்டினம் பழைய வாசகர்

எல்லோரும் அதிகமாகப் பயமுறுத்துகிறீர்கள். எங்கள் பக்கத்தில் வண்டியும் வலையும் ஆடும் மாடும் ரொக்கத்தில்தான் கைமாறுகின்றன. தொண்டிக்காரர் தெரிந்தவர், பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுப்பதில் என்ன ஆபத்து? கள்ள நோட்டுக்குப் பயந்தால் வங்கியிலேயே வைத்து எண்ணச் சொல்லலாம்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

கள்ள நோட்டு இரண்டாவது பயம், ஐயா. முதல் பயம் சட்டம். 2017 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டம் ஒரே விற்பனைக்காக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதைத் தடுக்கிறது. தண்டம் வாங்கிய தொகைக்குச் சமம். அதைக் கட்ட வேண்டியவர் பணம் கொடுத்தவர் அல்ல, வாங்கியவர். தொண்டிக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், 3,20,000 ரூபாய் தண்டம் விழுந்தால் அது இந்த அம்மாவின் தலையில்தான் விழும். 'இன்று ஒரு லட்சம், நாளை ஒரு லட்சம், மறுநாள் மீதி' என்று பிரித்து வாங்கினாலும் விற்பனை ஒன்றுதான், அதுவும் தப்பாது. ஆசிரியை ரொக்கத்தைக் கணக்கில் கட்டும்போது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்வதற்கும் ஒரு பதில் வேண்டும்.

உச்சிப்புளி ஆசிரியை

பணம் வாங்கியவருக்குத்தான் தண்டம் என்பது எனக்குத் தெரியாது. பரமக்குடி இளைஞரிடம், உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து, வங்கி வேலை நாளில் என்று சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றவர் அதன்பின் அழைக்கவில்லை.

தொண்டிக்காரரிடம் சொல்லத்தான் தயக்கமாக இருக்கிறது. 'என் பணத்தை நம்பவில்லையா' என்று வருந்துவார் போலிருக்கிறது. தெரிந்த இடத்து உறவு வேறு. எப்படிச் சொல்வது?

தங்கச்சிமடம் படகுக்காரர்

பணத்தைச் சந்தேகிப்பதாகச் சொல்லாதீர்கள், சகோதரி. 'எனக்குத் தண்டம் விழும் அண்ணன், நீங்கள்தான் பார்த்துச் செய்ய வேண்டும்' என்று உள்ளதைச் சொல்லுங்கள். மீன் வியாபாரிக்கு அது புரியும். ஏற்றுமதிக் கம்பெனிக்குச் சரக்குப் போடுகிறவராக இருந்தால் அவருக்கே வங்கி வழியாகத்தான் பணம் வருகிறது. கையில் இருப்பதைத் தன் கணக்கில் கட்டிவிட்டு அங்கிருந்து ஆர்டிஜிஎஸ் அனுப்பட்டும்.

கீழக்கரை பழைய வண்டி வியாபாரி

பணத்தைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் சரியாக வந்த பிறகும் காகிதத்தில் மாட்டிக்கொண்டவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

படிவம் 29 விற்றதைத் தெரிவிப்பது, படிவம் 30 பெயர் மாற்ற விண்ணப்பம். இரண்டிலும் வாங்குபவரின் பெயரும் முகவரியும் தேதியும் நிரம்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். எங்கள் தொழிலில் சிலர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு வண்டியை மூன்று கை மாற்றிவிடுவார்கள். அதுவரை பதிவேட்டில் உரிமையாளர் நீங்கள்தான். 2018இல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு. வண்டி பெங்களூரில் மோதினாலும் நோட்டீஸ் உச்சிப்புளிக்கு வரும்.

ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் நீங்கள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். அரசின் வண்டிப் பதிவுக்கான பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்து, விண்ணப்ப எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் செய்துகொள்வார் என்று விடாதீர்கள்.

டெலிவரி நோட் இரண்டு பிரதி எழுதுங்கள். வண்டி எண், இன்ஜின் எண், சேசிஸ் எண், விலை, யுடிஆர் எண், ஒப்படைத்த தேதி, முக்கியமாக மணி. அன்று மாலை நாலு மணிக்கு அவர் சிக்னலைத் தாண்டினால், மூன்று மணிக்கே ஒப்படைத்ததைக் காட்ட அந்தச் சீட்டுதான் உங்களிடம் இருக்கும். அவருடைய ஆதார் நகலில் அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆதாரில் உள்ள பெயர், படிவம் 30இல் உள்ள பெயர், பணம் வந்த கணக்கின் பெயர் மூன்றும் ஒன்றா என்று பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள்.

உச்சிப்புளி ஆசிரியை

வண்டி விற்றாயிற்று. தொண்டிக்காரரிடம் படகுக்காரர் சொன்னபடியே பேசினேன். அவர் கோபிக்கவில்லை, 'முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா' என்றார். இராமநாதபுரத்தில் அவர் கணக்கு உள்ள கிளைக்கு நானும் என் அண்ணனும் போனோம். அவரே ரொக்கத்தைக் கட்டி, காசோலையும் ஆர்டிஜிஎஸ் படிவமும் எழுதிக் கொடுத்தார். என் கணக்கின் பெயர் அவர்கள் கணினியில் சரியாக வந்ததா என்று கவுண்ட்டரில் இருந்தவர் வாசித்துக் காட்டியது தெம்பாக இருந்தது. முன்பணமாக யுபிஐயில் தந்த 5,000 போக மீதி 3,15,000 ரூபாய். அடிச்சீட்டு கைக்கு வந்ததும் கிளம்பலாம் என்றார் அண்ணன். நான் மறுத்து, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து செயலியில் வரவைப் பார்த்த பிறகுதான் படிவங்களில் கையெழுத்துப் போட்டேன். டெலிவரி நோட்டில் மணியும் எழுதியாயிற்று.

தேவிபட்டினம் பழைய வாசகர்

மகிழ்ச்சி, அம்மா. பணம் வாங்கியவருக்குத்தான் தண்டம் என்பது எனக்கும் புதிய செய்தி. என் மருமகனும் டிராக்டர் விற்க இருக்கிறான், அவனுக்கு இதை அனுப்புகிறேன்.

கீழக்கரை பழைய வண்டி வியாபாரி

இரண்டு வேலை பாக்கி இருக்கிறது, சகோதரி. கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டேக் உங்கள் பெயரில் இருந்தால் இன்றைக்கே அதைக் கொடுத்த வங்கியிடம் சொல்லி மூடுங்கள். இல்லாவிட்டால் அவர் மதுரைக்கு மீன் ஏற்றிப் போகும்போதெல்லாம் சுங்கக் கட்டணம் உங்களிடமிருந்து கழியும். காப்பீட்டையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கச் சொல்லி அவருக்கு ஒரு செய்தி அனுப்பி வையுங்கள்.