80களின் 24 சானல் அனலாக் மிக்சர்: எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது?

செந்தூல்_சத்தம் (கோலாலம்பூர்)

வணக்கம். இங்கிலாந்தில் 1980களின் நடுவில் செய்த 24 சானல், 8 குரூப் (பல சானல்களைச் சேர்த்து அனுப்பும் வழி) ஆடியோ மிக்சர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அந்தக் காலத்து மிக்சர்களுக்கு உள்ளே ஏறக்குறைய ஒரே அமைப்புதான். ஒவ்வொரு சானலும் தனி போர்டு, தனியாகக் கழற்றலாம். சானலுக்கு 5 டி.எல்.072 (ஆப்-ஆம்ப் எனும் சிக்னல் பெருக்கி ஐ.சி.), சுமார் 20 எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். மைக் ஆம்ப் முன்னால் டிரான்சிஸ்டர் ஜோடி. குரூப் சம்மிங்கில் (சானல்களை ஒன்றுசேர்க்கும் இடம்) டி.எல்.071. பவர் சப்ளை வெளிப்பெட்டி: ±17 வோல்ட் (பிளஸ், மைனஸ் என இரண்டு ரெயில், அதாவது மின்வழங்கல் வரி), லேபிளில் 1.5 ஆம்பியர், கூடவே மைக்குக்குப் போகும் 48 வோல்ட் ஃபேண்டம். சர்க்யூட் படம் இருக்கிறது.

இப்போதைய நிலை: பிளஸ் ரெயில் 17.1, மைனஸ் ரெயில் 15.6. மாஸ்டரில் 100 ஹெர்ட்ஸ் இரைச்சல். ஃபேண்டம் 41 வோல்ட்தான் வருகிறது. ஃபேடர்கள் கரகரக்கின்றன. நாலைந்து சானலில் சத்தம் வரும், போகும். பின்னால் இருக்கும், வெளிக்கருவியைச் சானலின் நடுவில் செருகும் இன்செர்ட் ஜாக்கைத் தொட்டால் திரும்பி வரும்.

செய்ய நினைப்பது: எல்லா கெப்பாசிட்டரும் புதிது, எல்லா டி.எல்.072-க்கும் பதில் 5532 (இரைச்சல் குறைந்த ஆப்-ஆம்ப்), பிறகு 16 சானலுக்கு டைரக்ட் அவுட் (சானலின் தனி வெளியீடு) துளைத்து கம்ப்யூட்டர் ஆடியோ இன்டர்ஃபேஸுக்குக் கொடுப்பது. எங்கே தொடங்கலாம்?

—

பட்டர்வொர்த்_ஈயம் (பினாங்கு)

தம்பி, ஐ.சி. பேச்சை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். நீங்கள் சொன்னதில் பாதி பவர் சப்ளையிலிருந்து வருகிறது.

50 ஹெர்ட்ஸ் உறுமல் என்றால் எர்த் லூப்பையோ (இரண்டு வழியில் எர்த் சேர்ந்து உருவாகும் வளையம்) டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தையோ சந்தேகிக்கலாம். 100 ஹெர்ட்ஸ், கூடவே ரெயிலும் இறங்கியிருக்கிறது என்றால் ரெக்டிஃபையருக்கு (ஏ.சி.யை டி.சி.யாக்கும் டயோடுகள்) அடுத்த பெரிய கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது. 1 ஆம்பியர் இழுக்கும்போது 10,000 மைக்ரோஃபாரட்டில் ரிப்பிள் (டி.சி.யில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) சுமார் 1 வோல்ட். அதுவே 3,000-க்குத் தேய்ந்தால் ரிப்பிள் 3 வோல்ட்டைத் தாண்டும். ஒவ்வொரு பள்ளத்திலும் ரெகுலேட்டருக்குத் தேவையான 2, 3 வோல்ட் மிச்சம் இல்லாமல் போகிறது, அந்தப் பள்ளம் அப்படியே ரெயிலில் தெரிகிறது.

அதனால் முதலில் பெட்டியைத் திறந்து பெரிய கெப்பாசிட்டர் இரண்டையும் மாற்றுங்கள். 10,000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட், 105 டிகிரி. ஒன்றுதான் கெட்டிருக்கிறது என்று ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், மற்றதும் அதே வயதுதான். 'பெரிசாப் போட்டா நல்லது' என்று 22,000 போடுபவர்கள் உண்டு. ஆன் செய்யும் நொடியில் பிரிட்ஜும் (ரெக்டிஃபையரின் நாலு டயோடு) ஃபியூஸும்தான் அடி வாங்கும். பிரிட்ஜ் மலிவு, அதையும் சேர்த்தே மாற்றுங்கள். ரெகுலேட்டருக்குப் பக்கத்திலுள்ள 10, 22 மைக்ரோஃபாரட் சின்னதுகளை யாரும் கவனிப்பதில்லை. வெந்து காய்வது அவைதான், ஹீட்சிங்க்குக்கு ஒட்டியே உட்கார்ந்திருக்கும்.

உள்ளே எல்.எம்.317, 337 ரெகுலேட்டர் இருந்தால் ஒரு எச்சரிக்கை. 317-இன் முதுகுத் தகடு அவுட்புட், 337-இன் தகடு இன்புட். இரண்டும் ஒரே ஹீட்சிங்கில் இருக்கும்போது மைக்கா தாளும் பிளாஸ்டிக் புஷ்ஷும் கிழியாமல் இருக்கின்றனவா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள். நம் ஊரில் பெயருக்கு 230 வோல்ட், சாக்கெட்டில் பெரும்பாலும் 240-ஐ ஒட்டித்தான் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மரில் 220 டேப் போட்டிருந்தால் 240-க்கு மாற்றினாலே ரெகுலேட்டர் சூடு குறையும்.

முதல் தடவை ஆன் செய்யும்போது லைனில் 60 அல்லது 100 வாட் இழைப் பல்பு ஒன்றை சீரியலில் போடுங்கள் (எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது). ஒரு கணம் பிரகாசித்து மங்கினால் சரி. பிரகாசம் அப்படியே நின்றால் ஷார்ட். பிறகு பல்பை எடுத்துவிட்டு, மிக்சரை மாட்டாமல், ரெயிலுக்கு ஒரு 22 ஓம் 50 வாட் ரெசிஸ்டர் கொடுத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். அது முக்கால் ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 13 வாட் சூடு, மேசையில் வெறுமனே வைக்காதீர்கள். அப்போதும் 17 அசையாமல் நின்றால்தான் மிக்சரை மாட்டலாம்.

ஃபேண்டம் 48-க்கு நாலு வோல்ட் கூடக் குறைய இருக்கலாம், 41 ஆகாது. 24 சானலிலும் ஃபேண்டம் சுவிட்சை அணைத்துவிட்டு அளந்து பாருங்கள். 48-க்கு ஏறினால் சப்ளை நல்லதுதான், ஏதோ ஒரு சானலின் 47 மைக்ரோஃபாரட் 63 வோல்ட் கெப்பாசிட்டர் ஒழுகுகிறது. ஒவ்வொன்றாக ஆன் செய்தால் குற்றவாளி தானே தெரிவான்.

இன்செர்ட் ஜாக் கதை சுலபம். பிளக் இல்லாதபோது சிக்னல் ஜாக்கின் உள்ளே இருக்கும் சுவிட்ச் வழியாகத்தான் போகும். நம் ஈரக்காற்றில் அது கறுத்துவிடும், பினாங்கில் உப்புக் காற்று வேறு. ஒரு ஸ்டீரியோ பிளக்கில் டிப்பையும் (முனை) ரிங்கையும் (நடு வளையம்) சேர்த்து ஈயம் வைத்து அந்த ஜாக்கில் செருகுங்கள். சத்தம் நிலையாக வந்தால் அந்த சுவிட்ச்தான் நோய். கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு, பிளக்கை இருபது தடவை செருகி எடுங்கள். டபிள்யூ.டி.-40 வேண்டவே வேண்டாம், ஜாக்குக்கும் ஆகாது, ஃபேடருக்கும் ஆகாது.

—

ஓம்விதி (பிரிக்ஃபீல்ட்ஸ்)

பவர் சப்ளை பற்றி ஈயம் அண்ணன் சொன்னதில் சேர்க்க ஒன்றுமில்லை. ஐ.சி. பற்றி மட்டும் சொல்கிறேன்.

டி.எல்.072 ஒன்று சுமார் 2.8 மில்லிஆம்பியர் இழுக்கும், 5532 சுமார் 8. உங்களிடம் 120 ஐ.சி.: 336 மில்லிஆம்பியர் இருந்த இடத்தில் 960. ரெயிலுக்கு 0.6 ஆம்பியருக்கு மேல் கூடுதல். மாஸ்டர் பகுதி, மீட்டர், விளக்கு எல்லாம் சேர்த்து இப்போதே 0.9 ஆம்பியர் போகிறது என்று வைத்தால், லேபிளில் உள்ள 1.5-ஐத் தொட்டுவிடுவீர்கள். பெட்டிக்குள் 21 வாட் புதுச் சூடும் சேரும். எலக்ட்ரோலிட்டிக்கைச் சுற்றி 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதி. புதுக் கெப்பாசிட்டர் போட்டு அதைச் சீக்கிரம் வேகவைப்பதில் என்ன லாபம்?

இன்னொரு சிக்கல் அதைவிட மோசம். 5532-இன் இன்புட்டில் சுமார் 200 நானோஆம்பியர் பயஸ் கரன்ட் ஓடும். ஈக்யூவில் (தொனியை மாற்றும் பகுதி) 100 கிலோஓம் பாட் (குமிழுக்குப் பின்னாலுள்ள மாறு ரெசிஸ்டர்) நேராக இன்புட்டில் தொங்கினால் அங்கே 20 மில்லிவோல்ட் டி.சி. நிற்கும், குமிழைத் திருப்பும்போதெல்லாம் கரகரவென்று கேட்கும். டி.எல்.072 ஃபெட் இன்புட், அதில் அந்தத் தொல்லை இல்லை. ஈக்யூவை மாற்றியே தீரவேண்டும் என்றால் ஓ.பி.ஏ.2134 போடலாம், அதுவும் ஃபெட், இரைச்சல் பாதிக்கும் குறைவு, ஆனால் கரன்ட் 5532 அளவுதான். எல்.எம்.இ.49720 பக்கம் போகாதீர்கள், அதன் எல்லையே ±17, உங்கள் ரெயில் 17.1. மைக் ஆம்பில் இரைச்சலைத் தீர்மானிப்பது முன்னால் இருக்கும் டிரான்சிஸ்டர் ஜோடி. பின்னாலிருக்கும் ஐ.சி.யை மாற்றி அங்கே எதுவும் கேட்கப் போவதில்லை.

காசு கொடுக்க வேண்டிய இடம் சம்மிங். 24 சானலும் 22 கிலோஓம் வழியாக ஒரு பஸ்ஸில் (பொது வரி) சேர்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்னலுக்கு கெயின் 1. ஆனால் அந்த ஐ.சி.யின் சொந்த இரைச்சலுக்கு கெயின் 25, அதாவது 28 டெசிபெல். 18 நானோவோல்ட் டி.எல்.071 அங்கே சுமார் −81 டி.பி.யூ (ஆடியோ சிக்னல் மட்டத்தின் அலகு) இரைச்சல் தரும். 4 நானோவோல்ட் 5534 போட்டால், ரெசிஸ்டர்களின் இரைச்சலையும் சேர்த்து −92-க்குப் பக்கம். எட்டு குரூப், இரண்டு மாஸ்டர், ஆக பத்தே ஐ.சி.! 24 ஃபேடரையும் ஏற்றினால் சானல்களின் சொந்த இரைச்சல் இதை மூடிவிடும். குறைவான சானலை ஒரு குரூப்புக்கு அனுப்பும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

—

நாலாம்_பின் (செலாயாங்)

ஓம்விதி சொன்ன 5534-க்கு ஒரு பின்குறிப்பு, இல்லாவிட்டால் பத்தும் அலறும். 5534 கெயின் 3-க்குக் கீழே தானாக நிலையாக இருக்காது. 24 சானலும் பஸ்ஸில் இருக்கும்போது பிரச்சினை தெரியாது. சில மிக்சரில் ரூட்டிங் சுவிட்சை எடுத்தால் அந்த ரெசிஸ்டர் கிரவுண்டுக்குப் போகும், சிலவற்றில் அந்தரத்தில் விடப்படும். உங்களுடையது இரண்டாவது வகை என்றால் எல்லா சானலையும் எடுத்ததும் கெயின் 1-க்கு இறங்கி ஐ.சி. ஆசிலேட் ஆகும் (தானாகவே அலைவுறும்). அறிகுறி: சிக்னல் இல்லாமலே மீட்டர் ஏறி நிற்கும், ஐ.சி. தொட முடியாத சூடு. 5-ஆம், 8-ஆம் கால்களுக்கு நடுவில் 22 பிகோஃபாரட் செராமிக் வையுங்கள். 7-க்கும் 4-க்கும் நடுவில், போர்டின் அடியில், 100 நானோஃபாரட். கிரவுண்டுக்கு வேண்டாம், ரெயிலின் குப்பையை ஆடியோ கிரவுண்டில் கொட்டாதீர்கள். டி.எல்.071-இன் 1, 5 கால்களில் ஆஃப்செட் பாட் இணைத்திருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள்.

கெப்பாசிட்டர் விஷயத்தில், பொதுவாக 'கெட்டதை மட்டும் மாற்று' கட்சிதான் நான். ஆனால் இந்த வகை மிக்சரில் வேலை பாதிக்குப் பாதி குமிழ், நட்டு, ரிப்பன் கழற்றுவதிலேயே போகிறது. சானல் வெளியே வந்துவிட்டால் இருபதையும் மாற்றிவிடுங்கள். ஒரே ஒரு சானலை முதலில் முடித்து, தொடாத சானலோடு ஒப்பிட்டுவிட்டு மீதிக்குப் போங்கள். 22 இருந்த இடத்தில் 47 போடலாம், உயரமும் கால் இடைவெளியும் ஒத்துப்போனால். பைபோலார் (பிளஸ், மைனஸ் இல்லாத கெப்பாசிட்டர்) இருந்த இடத்தில் பைபோலார்தான். கழற்றுமுன் படம் எடுங்கள்; போர்டில் அச்சிட்ட பிளஸ் குறியை நம்பாமல் சர்க்யூட் படத்தோடு ஒத்துப் பாருங்கள்.

பழைய ஐ.சி.யை முழுசாகக் காப்பாற்ற நினைத்தால் பேட் (போர்டில் ஈயம் ஒட்டும் செம்புத் தகடு) உரிந்து வரும். கால்களைக் கட்டரால் வெட்டி, ஒவ்வொன்றாக 330 டிகிரியில் எடுங்கள். ஈயம் 60/40, 0.7 மில்லிமீட்டர்.

ஒயர், ஜாக், ஹீட்சிங்க், கிளீனர் இதெல்லாம் புடு ஜாலான் பசாரில் கிடைக்கும். ஐ.சி.யும் கெப்பாசிட்டரும் எலிமென்ட்14, ஆர்.எஸ்., மவுசர் போன்ற இடங்களில் வாங்குங்கள். ஆன்லைனில் ஐம்பது சென்னுக்கு விற்கும் 5532-இல் வேறு ஐ.சி.க்கு மேல் பெயர் அச்சிட்டவை நிறைய. பிரெட்போர்டில் ±15 கொடுத்து, இரண்டு பாதியையும் ஃபாலோயராக (அவுட்புட்டை மைனஸ் இன்புட்டில் சேர்த்து) கட்டி கரன்ட்டை அளங்கள். 8 மில்லிஆம்பியர் அக்கம்பக்கம் வந்தால் பரவாயில்லை, 3 வந்தால் அது 5532 இல்லை.

டைரக்ட் அவுட்டுக்குத் துளை எதற்கு ப்ரோ? ரெக்கார்டிங்குக்கு ஃபேடருக்கு முந்திய சிக்னல் போதும் என்றால் இன்செர்ட்டிலேயே எடுக்கலாம். டிப்பும் ரிங்கும் சேர்த்த பிளக், அதிலிருந்து கேபிள். சென்ட் டிப்பா ரிங்கா என்ற குழப்பமும் இல்லை, சானலும் வழக்கம்போல ஓடும். இன்செர்ட் ஈக்யூவுக்கு முன்னா பின்னா என்று மட்டும் படத்தில் பாருங்கள்.

—

செந்தூல்_சத்தம்

அண்ணன்மார்களுக்கு நன்றி. சப்ளை முடிந்தது: இரண்டு ரெயிலும் 17.0, 100 ஹெர்ட்ஸ் போய்விட்டது. ஃபேண்டம் சானல் 19-இல் ஒழுகியது, இப்போது 47.6. இன்செர்ட் பிளக் யோசனை வேலை செய்கிறது, துளைக்கவில்லை.

மிச்சம் இரண்டு. ஃபேடர்களை 99 சதவீத ஐசோப்ரொபனாலில் கழுவி, காயவிட்டு, ஃபேடர் எண்ணெய் விட்டேன். 7-உம் 15-உம் இன்னும் கரகரக்கின்றன. இன்டர்ஃபேஸை மாட்டினால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் வருகிறது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் போகிறது.

—

பட்டர்வொர்த்_ஈயம்

7, 15 இரண்டிலும் சிக்னல் இல்லாமல் ஃபேடரின் மேல் முனையில் டி.சி. அளங்கள். ஒன்றிரண்டு மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் டிராக்கில் குறையில்லை, முன்னாலுள்ள கப்ளிங் கெப்பாசிட்டர் ஒழுகுகிறது. எவ்வளவு கழுவினாலும் அது போகாது. கெப்பாசிட்டரை மாற்றிய பிறகும் கரகரத்தால்தான் புது ஃபேடர் தேடவேண்டும்.

காய்ந்த கெப்பாசிட்டரையும் போர்டிலிருந்து எடுக்காமலே பிடிக்கலாம். 100 ஹெர்ட்ஸ் 1 வோல்ட் சிக்னல் கொடுத்து, கெப்பாசிட்டரின் இரு காலுக்கும் நடுவில் ஏ.சி. அளங்கள். 47 மைக்ரோஃபாரட், பின்னால் 10 கிலோஓம் என்றால் 3, 4 மில்லிவோல்ட் வரவேண்டும். ஐம்பது, நூறு வந்தால் அது செத்துவிட்டது.

—

நாலாம்_பின்

உறுமல் எர்த் லூப். லேப்டாப் சார்ஜரின் எர்த் பின்னை உடைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், மிக்சரின் எர்த்தையும் கழற்றாதீர்கள். உள்ளே 240 வோல்ட் இருக்கிறது. முதலில் லேப்டாப், இன்டர்ஃபேஸ், மிக்சர் மூன்றையும் ஒரே சுவர் சாக்கெட்டிலிருந்து ஒரே நீட்டிப்புப் பெட்டியில் போட்டுப் பாருங்கள்.

போதவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். இரண்டு கோர் ஷீல்டு கேபிள். மிக்சர் பக்கம் முதல் கோர் டிப்-ரிங் சேர்ந்த இடத்துக்கு, இரண்டாவது கோர் ஸ்லீவுக்கு (பிளக்கின் அடிப்பகுதி). இன்டர்ஃபேஸ் பக்கம் பேலன்ஸ்டு (இரு கோரின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும்) பிளக்: முதல் கோர் டிப், இரண்டாவது கோர் ரிங். ஷீல்டு ஒரு முனையில் மட்டும். எந்த முனை என்பதை இரண்டும் செய்து கேட்டு முடிவு செய்யுங்கள், இடத்துக்கு இடம் மாறும். இன்டர்ஃபேஸ் இன்புட் உண்மையிலேயே பேலன்ஸ்டாக இருந்தால் உறுமல் பெருமளவு அடங்கும். ஒரு கேபிளில் இது சரியாக வந்த பிறகு மீதி பதினைந்தைக் கட்டுங்கள்.