கஸ்தெலோரிசோவுக்கு ரோட்ஸ் வழியா, காஷ் வழியா?

தனிவழி: துருக்கிக் கரையோரம் கிடக்கும் கிரேக்கத் தீவு கஸ்தெலோரிசோவைப் பற்றிப் பக்கத்து இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார்: “கஸ்தெலோரிசோவுக்கு கிரீஸின் ரோட்ஸ் தீவு வழியாகப் போகிறவன் ஏமாளி. துருக்கியின் காஷிலிருந்து படகில் 20 நிமிடம்.” படித்ததும் எரிச்சல்தான் வந்தது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் துருக்கி தரும் இ-விசா ஒருமுறை நுழைவுக்கானது. தீவில் இறங்கிவிட்டால் அதே விசாவில் காஷுக்குத் திரும்ப முடியாது.

கடல்குருவி: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். துருக்கிக் கரையிலிருந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டர். ரோட்ஸிலிருந்து 120-க்கு மேல். 20 நிமிடம், சார், 20 நிமிடம்.

தனிவழி: அதை யார் மறுத்தார்கள்? விசாவுக்குப் பதில் சொல்லுங்கள்.

கடல்குருவி: என்னிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். காலையில் போனேன், துறைமுகத்தில் மீன் சாப்பிட்டேன், மாலையில் காஷில் இருந்தேன். மேசையின் காலடியிலேயே கடல். பெரிய ஆமை ஒன்று தலையைத் தூக்கி என் தட்டைப் பார்த்தது. நான்கு மணிநேரம் கப்பலில் குலுங்கிக்கொண்டு போகிறவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

மூட்டைமுடிச்சு: அண்ணே, ரோட்ஸிலிருந்து சின்ன விமானமும் இருக்கிறது. அரை மணிச் சொச்சம்தான். நான் அதில்தான் போனேன். மாலைப் படகு போனபிறகு ஊர் அடங்கும் பாருங்கள், அதற்காகவே இரண்டு இரவு தங்கலாம்.

கடல்குருவி: ரோட்ஸ் வரை வந்து சேர்வதை யார் கணக்கில் சேர்ப்பது? காஷ் 20 நிமிடம்.

தனிவழி: காஷ் வரை வந்து சேர்வதை மட்டும் யார் சேர்த்தார்களாம்? தலாமான் விமான நிலையத்தில் இறங்கி மலைச்சாலையில் மணிக்கணக்கில் பஸ். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவோடு கிரீஸுக்கு வருகிறவருக்கு ரோட்ஸ் உள்நாட்டுப் பயணம். குடியேற்ற வரிசை கிடையாது.

உப்புக்காற்று: கடல்குருவி அந்த இழையில் இதை “ஏஜியன் தீவு” என்றும் எழுதியிருந்தார். தொதெகனீஸ் தீவுக்கூட்டத்தில் சேர்த்தி என்றாலும் அது கிடப்பது ஏஜியன் கடலுக்கு வெளியே, மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதியான லெவாந்தியக் கடலில்.

கடல்குருவி: வந்துவிட்டார் வாத்தியார். போன வருடம் சாந்தோரினி இழையிலும் எழுத்துப்பிழை பிடித்துத்தான் என்னை மடக்கப் பார்த்தீர்கள். மறக்கவில்லை.

உப்புக்காற்று: அது எழுத்துப்பிழை இல்லை. துறைமுகத்தின் பெயரையே மாற்றி எழுதியிருந்தீர்கள். நம்பிப் போனவர்கள் அலைந்திருப்பார்கள்.

மூட்டைமுடிச்சு: சரி விடுங்கள். பெயரே மெகிஸ்தியா கஸ்தெலோரிசோவா என்று இன்னொரு சண்டை வந்துவிடப்போகிறது.

கடல்குருவி: இரண்டும் சரி. துருக்கியில் மெய்ஸ் என்பார்கள். காஷ் படித்துறையில் “மெய்ஸ்” என்று கேட்டாலே டிக்கெட் தருவார்கள். அங்கே போனவனுக்குத்தான் இதெல்லாம் தெரியும்.

தனிவழி: டிக்கெட் தருவார்கள். மாலையில் திரும்பும்போது விசா யார் தருவார்கள்? மூன்றாவது முறை கேட்கிறேன்.

கடல்குருவி: பலமுறை நுழைவு விசா எடுத்துக்கொண்டு வாருங்கள். 20 நிமிடம் 20 நிமிடம்தான்.

தனிவழி: அந்த ஒரு வரியை முதலிலேயே எழுதியிருந்தால் நான் ஏன் இழை தொடங்கப்போகிறேன்? ‘ஏமாளி’ என்ற சொல் இன்னும் அங்கேயே இருக்கிறது.

கடல்குருவி: இருக்கும். எடுக்கமாட்டேன்.