சிலை ஷாட்டுகளில் கறுப்புப் பட்டை ஓடுகிறது, வெள்ளிக்குள் சரிசெய்ய வேண்டும்

கரிசல்காடு:
அவசரம். அறக்கட்டளை நடத்தும் சின்ன அருங்காட்சியகத்துக்கு 6 நிமிடப் படம் செய்கிறேன். வெண்கலச் சிலைகளை எடுத்த எல்லா ஷாட்டிலும் மங்கலான பட்டைகள் ஊர்கின்றன. அம்மனின் இடுப்பு மடிப்பில் அப்பட்டமாகத் தெரிகிறது. எடுக்கும்போது கேமராவின் சின்னத் திரையில் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். என்ன செய்ய?

மூன்றாம் படிக்கட்டு:
நொடிக்கு எத்தனை ஃபிரேம்? ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது? கூடத்தில் என்ன விளக்கு? எதுவுமே சொல்லவில்லையே.

வைகைக்கரை:
மெமரி கார்டுதான். எனக்கும் கோடு விழுந்தது, கார்டை மாற்றியதும் நின்றது.

கரிசல்காடு:
அதே கார்டில் ஜன்னலோரம் எடுத்த காப்பாட்சியர் பேட்டி சுத்தமாக இருக்கிறது அண்ணா.

பழைய ரீல்:
தம்பி, இது முதல் நாள் பாடம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் 1/50 நொடி என்றால் சரியாக இரண்டு துடிப்பு அடங்கும். 1/60 என்றால் இரண்டாவது துடிப்பு முழுதாகச் சேராது. சென்சார் வரிவரியாகப் பதிவதால் அந்த ஏற்ற இறக்கம் பட்டையாக விழும். ஜன்னல் வெளிச்சத்துக்குத் துடிப்பு இல்லை, அதனால்தான் பேட்டி தப்பித்தது. இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் அருங்காட்சியகத்துக்குள் போகலாமா?

கரிசல்காடு:
மைத்துனர் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த கேமரா. 30 ஃபிரேம், 1/60. எல்இடி விளக்கு. கூடத்தில் மராமத்து வேலை, மறுபடி எடுக்க விட மாட்டார்கள்.

வைகைக்கரை:
சரி, கார்டு இல்லை. பின்னணியில் நாதஸ்வரம் போடுங்கள், அம்மனுக்குப் பொருத்தமாக இருக்கும்.

மூன்றாம் படிக்கட்டு:
கூடத்திலேயே ஓடும் படம் என்றால் இசை வேண்டாம். நான் செய்த ஒரு படம் காலையிலிருந்து மாலைவரை சுற்றிச் சுற்றி ஓடியது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி அம்மா மூன்றாம் நாளே ஒலியை அணைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பேச்சை எழுத்தாகப் போடாதது என் தவறு.

வைகைக்கரை:
உற்சவமூர்த்தி அது. மேளம் முன்னே போக வீதியுலா வந்தவள். அவளை மௌனமாகக் காட்டுவது எப்படிச் சரி?

பழைய ரீல்:
அருங்காட்சியகம் கோயில் இல்லை. பக்தியை நீங்கள் ஊட்ட வேண்டாம்.

வைகைக்கரை:
பழைய சிலைகளில் முகம் வழவழவென்று தேய்ந்திருக்கும், பார்த்திருக்கிறீர்களா? தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் செய்து தேய்த்த கைகளின் தேய்மானம் அது. அதைச் சொல்லாத படம் பாதிப் படம்தான்.

நெல்லை எடிட்டர்:
இசைச் சண்டை அப்புறம். 30 ஃபிரேமில் பட்டை ஏறக்குறைய மூன்று ஃபிரேமுக்கு ஒருமுறை பழைய இடத்துக்கே வரும். எடிட்டிங்கில் ஒரே ஷாட்டை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்காக வையுங்கள். நடு அடுக்கை ஒரு ஃபிரேமும் மேல் அடுக்கை இரண்டு ஃபிரேமும் தள்ளுங்கள். ஒளிபுகாமை அடியில் 100 சதவீதம், நடுவில் 50, மேலே 33. பட்டைகள் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். முக்காலியில் எடுத்த ஷாட்டுக்கு மட்டும்தான் இது. கேமரா அசைந்திருந்தால் உருவம் இழுபடும். அடுத்த முறை 25 ஃபிரேம், 1/50. கேமராவில் 25 ஃபிரேமுக்கான PAL முறைக்கு மாற்றும்போது கார்டை அழிக்கச் சொல்லலாம், முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கரிசல்காடு:
பட்டை போய்விட்டது அக்கா. கையில் பிடித்து எடுத்த இரண்டு ஷாட்டை வெட்டிவிட்டேன். தேய்ந்த முகத்தைப் பற்றிக் காப்பாட்சியரே பேட்டியில் சொல்லியிருக்கிறார், அதை எழுத்தோடு சேர்த்துவிட்டேன். நன்றி.

வைகைக்கரை:
நாதஸ்வரம்?